சகலை வீட்டு வாசலில் நின்ற கார்

என் பெண்டாட்டிக்குக் கார் பாடம் எடுத்தவரே, உம்மைத்தான் சொல்லுகிறேன். அங்கே இங்கே திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நீர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நேரே உம் வீட்டு வாசலுக்கே வந்திருப்பேன். நான் தென்காசியில் நின்று கத்தினால் செங்கோட்டையில் நாய் குரைக்கும். ஊருக்கே தெரியும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை என் ஜோதிலட்சுமி காதில் போட்டுவிட்டு நீர் பாட்டுக்குப் போய்விட்டீர். அனுபவித்தது நான்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். பழைய சாமான் வியாபாரம். குற்றாலத்தில் எந்த லாட்ஜை இடித்தாலும் கட்டில், கதவு, அண்டா, ஜன்னல் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கிப் படித்ததுதான் நிறைய. கேட்ட விலையைக் கொடுக்கிறவனை நான் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டாக்டர் ரெண்டு ஊசி என்றால், ஒன்றில் முடித்துக்கொள்ளலாமே என்று பேசிப் பார்க்கிற ஆள் நான்.

அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த சகலை குற்றாலீஸ்வரன். ஜோதியின் தங்கை மஞ்சுவைக் கட்டியவர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவி போகிற ரோட்டில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார். தங்கமான ஆள் என்று ஊரே சொல்லும். எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. காரணம் ஒரு ஊஞ்சல்.

பழைய லாட்ஜ் ஒன்றில் தேக்கு ஊஞ்சல் கிடந்தது. நான் பேச ஆரம்பித்தபோது லாட்ஜ்காரர் விலையில் மலை உச்சியில் நின்றார். பேசிப் பேசி அவரை அருவிக்கரை வரைக்கும் இறக்கிவிட்டேன். இன்னும் ரெண்டு படி இறங்கினால் ஊஞ்சல் எனக்கு. அந்த நேரம் பார்த்து என் சகலை உள்ளே போனார். “என்ன விலை?” என்று கேட்டார். சொன்னார்கள். கொடுத்தார். தூக்கிக்கொண்டு போய்விட்டார்!

கேட்ட விலையை! அப்படியே! பேசாமல்!

அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். அந்த ஆள் வீட்டு வாசலில் என் கால் படாது.

ஜோதிக்கு இது பெரிய தலைவலியாகப் போய்விட்டது. ஆனி மாதம் சாரல் ஆரம்பித்ததும் பேச்சை எடுத்தாள்.

“ஆவணியில மஞ்சு மகளுக்குக் கல்யாணம். நமக்கும் பிள்ளை இல்ல. அவ உங்களைத்தான் பெரியப்பா பெரியப்பான்னு உசிரா கெடக்கா. நீங்க அந்த வீட்டுக்குப் போவலன்னா அவ மொகத்த எப்படிப் பாக்க?”

“மண்டபத்துக்கு வாரேன். மொய் எழுதுதேன். சாப்பிடுதேன். வீட்டுக்கு வரமாட்டேன்.”

“பொண்ணு அழைப்பு வீட்டுலதான நடக்கும்? பெரியப்பா ஆசீர்வாதம் பண்ண வேணாமா?”

“ரோட்டுல நின்னு பண்ணுதேன்.”

“அப்பம் மைக்குக்குச் சொல்லிருவமா?”

நான் முறைத்தேன். அவள் எழுந்து போய் மாவாட்டினாள். அவள் சண்டை போடாமல் எழுந்து போனால்தான் பயப்பட வேண்டும். எனக்கு அது புரிய ஒரு சீசன் ஆகிவிட்டது.

அருவியில் தண்ணீர் விழுகிற சீசன் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என் வழக்கம். என்னிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி. கார்புரேட்டர் வைத்த காலத்து வண்டி. அதை நான் வாங்கிய விலையைச் சொன்னால் விற்றவர் குடும்பம் இன்றைக்கும் அழும். நானும் ஜோதியும் அதில்தான் போவோம். சகலை வீட்டைத் தாண்டும்போது நான் கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். கார் ஓட்டுகிறவன் அப்படித் திருப்பக் கூடாதுதான். மானம் பெரிதா, மைல்கல் பெரிதா?

அந்த வருஷம் ஜோதிக்குத் திடீரென்று கார் மேல் பக்தி வந்தது. புறப்படுகிறதுக்கு முன்னால் காரைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பானெட்டில் ஒன்று. ஸ்டியரிங்கில் ஒன்று. நம்பர் பிளேட்டில் ஒன்று. பின்னால் பெட்ரோல் மூடியில் ஒன்று.

“டாங்க் ரொம்பப் பெட்ரோல் போட்டாச்சா? நடுவழியில நின்னா நமக்குத்தான் கேவலம்.”

எவ்வளவு பொறுப்பு! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நேற்றே நிரப்பிவிட்டேன் என்றேன்.

குற்றாலம் தாண்டி ஐந்தருவி ரோட்டில் ஏறினோம். கார் இருமியது. அப்புறம் விக்கியது. ஒரு பெரிய தும்மல் போட்டு நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். சகலை வீட்டு வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்.

“அடடா,” என்றாள் ஜோதி. “சரி, நின்னதுதான் நின்னுட்டு. நான் மஞ்சுவ ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்.” சாரலில் நனைந்துகொண்டே ஓடினாள். அத்தனை வேகத்தில் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

குடை பிடித்துக்கொண்டு குற்றாலீஸ்வரன் வந்தார்.

“அண்ணாச்சி, உள்ள வாங்க.”

“வண்டியப் பாத்துக்கிடணும்.”

“அது எங்க போவப் போவுது? அதான் நின்னுட்டுல்லா?”

அவர் போய் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். சத்தியத்தை ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். காலைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன். கையைப் பற்றி ஒன்றும் இல்லை. வாங்கிக் குடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜோதி வந்தாள். மஞ்சு கொடுத்த வாழைக்காய் சிப்ஸ் பையைப் பின்னால் போய் டிக்கியில் வைத்தாள். வந்து உட்கார்ந்தாள். “இப்பம் எடுத்துப் பாருங்களேன்,” என்றாள். சாவியைத் திருப்பினேன். கார் நல்ல பிள்ளை மாதிரி கிளம்பியது.

மறுநாள் முகம்மது ரபீக்கிடம் விட்டேன். தென்காசியில் பழைய வண்டி என்றால் ரபீக்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பம்புல பிரஷர் இல்ல அண்ணாச்சி,” என்றான். பின்னால் டாங்கில் கிடக்கிற பெட்ரோலை இழுத்து முன்னால் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது அந்தப் பம்பு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் இழுவை போய்விடும். கார்புரேட்டருக்குப் போகிற ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, என்னைச் செல்ப் அடிக்கச் சொன்னான். பெட்ரோல் சர் சர்ரென்று பீச்சியடித்தது.

“பம்பு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“அப்பம் ஏம்லே நின்னுது?”

“உங்களப் பாத்துப் பயந்துருக்கும்.”

எதுக்கும் இருக்கட்டும் என்று சவ்வை மாற்றினோம். பில்டரை மாற்றினோம். எல்லாவற்றுக்கும் நான் பேசின பேச்சில் ரபீக் நடுவில் ரெண்டு தடவை தண்ணீர் குடித்தான்.

அடுத்த ஞாயிறு கார் மறுபடியும் நின்றது. இந்த முறை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால். அன்றைக்குச் சாரல் இல்லை, அடித்து ஊற்றியது. பானெட்டைத் திறந்து குனிந்தேன். என் முதுகு அருவியாயிற்று. குற்றாலீஸ்வரன் குடையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போலீஸ்காரப் பிடி. கார் ஷெட் வரைக்கும் போய்விட்டேன். ஷெட்டு, வீட்டு வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று எனக்கும் என் சத்தியத்துக்கும் நடுவில் வழக்கு நடந்தது. நானே நீதிபதி, வெளியே என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டேன்.

ரபீக் இந்தத் தடவை, “சூடு அண்ணாச்சி. சூட்டுல பெட்ரோல் பம்புக்குள்ளயே ஆவியாயிருது. ஆவிய அது தள்ளாது,” என்றான்.

“குற்றாலத்துச் சாரல்ல சூடாலே? எனக்கே பல்லு தந்தியடிச்சுது!”

“எதுக்கும் ஒரு ஈரத்துணியச் சுத்திப் பாப்பம்.”

காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் போடுகிற மாதிரி பம்புக்கு ஈரத்துண்டு கட்டி மூன்றாவது ஞாயிறு புறப்பட்டேன். ஜோதி பொட்டு வைத்தாள். டாங்க் நிறைந்திருக்கிறதா என்று கேட்டாள். கார் அச்சுப் பிசகாமல் சகலை வீட்டு கேட்டுக்கு நேரே நின்றது. இறங்கினால் கால் அவர் வாசலில்தான் பட வேண்டும். இறங்க வேறு இடமே இல்லை.

பட்டுவிட்டது.

உள்ளே போனால் அந்த ஊஞ்சல். உட்காராமல் நின்றுகொண்டே அதன் சங்கிலியைத் தடவிப் பார்த்தேன். மஞ்சு தட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவந்தாள். நின்றுகொண்டு சொதி சாப்பிட முடியாது. உட்கார்ந்தேன். அது ஆடியது. குற்றவாளி ஊஞ்சல்தான், ஆனாலும் நல்ல ஊஞ்சல்.

குற்றாலீஸ்வரன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, கல்யாணச் சமையலுக்கு ஆள் வந்துருக்கான். நான் கேட்டதக் கொடுத்துருவேன். எனக்குப் பேசத் தெரியாது. இருபத்தஞ்சு வருஷம் போலீஸ்ல இருந்தும் யாரையும் மெரட்டத் தெரியல.”

இதைக் கேட்டு எந்த வியாபாரி சும்மா இருப்பான்? தட்டைக் கீழே வைத்தேன். சமையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வரும்போது நிமிர்ந்து வந்தார். போகும்போது, பாயசத்துக்கு முந்திரியைத் தன் செலவில் போடுவதாக ஒப்புக்கொண்டு போனார். மணப்பெண் கதவுப் பக்கம் நின்று, “பெரியப்பா சூப்பர்!” என்று கை தட்டினாள். என் மீசை தானாக மேலே போயிற்று.

திரும்பி வரும்போது ஜோதி கேட்டாள்.

“அடுத்த வாரமும் கார் நிக்குமோ என்னமோ?”

“நிக்காது! இந்த நோயைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்!”

ரபீக்கை அன்றைக்கு உலுக்கி எடுத்துவிட்டேன். “என் கடைல ஓடுது, உங்க சகல வீட்டுல நிக்குது. இது மெக்கானிக் வேலையா, பேயோட்டுத வேலையா?” என்று அவனும் கத்தினான். கடைசியில் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன மீட்டரை மாட்டி, முன் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் தெரிகிற மாதிரி வைத்தான். “முள்ளு மூணு பக்கம் நின்னா பிரஷர் சரி. எங்க இறங்குதுன்னு பாத்துக்கிட்டே போங்க.”

நான்காவது ஞாயிறு. முள் மூன்றில் நின்றது. குற்றாலம் பஸ் ஸ்டாண்டு தாண்டினதும் ரெண்டரை. ஏற்றத்தில் ரெண்டு. ஒன்று. சகலை வீட்டுக் கேட்டு தெரிந்ததும் பூஜ்ஜியம். கார் தும்மி நின்றது. ஜோதி “அடடா” சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மண்டை காய்ந்தது. பம்புச் சவ்வு புதுசு. பில்டர் புதுசு. அப்படியானால் பின்னால் டாங்கில்தான் ஏதோ இருக்க வேண்டும். குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று பெட்ரோல் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்ஸ்!

பாம்பு என்று நினைத்துத் துள்ளிவிட்டேன். பாம்பு இல்லை. டாங்க் மூச்சு இழுத்த சத்தம். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் டாங்க் பெட்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. அந்த ஓட்டைக்கு மேலே கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு. சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில் மெழுகு. நெற்றியில் குங்குமம் நிற்பதற்காகப் பெண்கள் அடியில் தடவுகிற அதே மெழுகு. எந்த மழைக்கும் கரையாது.

காரைக் கிளப்பினேன். முள் துள்ளி மூன்றுக்குப் போயிற்று. என் பிரஷர் முந்நூறுக்குப் போயிற்று.

பக்தி! ஒவ்வொரு ஞாயிறும் சிப்ஸ் பையை வைக்கிற சாக்கில் பின்னால் போய்ச் சுரண்டி எடுத்திருக்கிறாள்!

அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் பேரம் தெரிந்தவன் கையில் இருக்கிறதை முதலிலேயே காட்டமாட்டான். ஹாரன் அடித்தேன். ஜோதி வந்தாள். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மனசுக்குள் தீர்மானம் போட்டேன். அடுத்த ஞாயிறு மூடியை நானே பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு, அந்தக் கேட்டைப் புயல் மாதிரித் தாண்டிப் போவேன். அப்போது இவள் முகத்தைப் பார்ப்பேன்.

ஐந்தாவது ஞாயிறு. அவள் பொட்டு வைத்து முடித்ததும் நைசாகப் பின்னால் போனேன். மூடியில் பொட்டே இல்லை. ஓட்டை பளிச்சென்று திறந்து கிடந்தது. மறந்துவிட்டாள் போல! எனக்கு இருந்த குஷியில் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

முள் மூன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. சகலை வீடு வந்தது. அன்றைக்கு நான் கழுத்தைத் திருப்பவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது.

வாசலில் நாற்காலி போட்டுப் பந்தல்காரர் தில்லைநாயகம் உட்கார்ந்திருந்தார். தில்லைநாயகத்தை எனக்குத் தெரியும். மூங்கிலுக்குத் தனி, கயிற்றுக்குத் தனி, முடிச்சுக்குத் தனி என்று கேட்கிற ஆள். அவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே என் சகலை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆமா என்கிற ஆட்டல்.

கார் தாண்டிவிட்டது.

“கார் இன்னைக்கு நல்லா ஓடுதே!” என்றாள் ஜோதி.

ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கிறவர் என் தலையில் கை வைத்ததும், “என்ன அண்ணாச்சி, கொதிக்கி?” என்றார். கண்ணை மூடினால் சகலையின் தலை ஆடுகிறது. சீரியல் பல்புக்கு ஆமா. வாழைமரத்துக்கு ஆமா. அலங்கார வளைவுக்கு ஆமா. ஐயோ, கேட்ட விலை! என் மகள் மாதிரி வளர்ந்த பிள்ளை கல்யாணத்தில், நான் உயிரோடு இருக்கும்போது, கேட்ட விலை!

பாதி எண்ணெயோடு எழுந்துவிட்டேன். அருவியில் தலையைக் காட்டினேனோ இல்லையோ. பெண்கள் பக்கம் போய், “ஏட்டி ஜோதி, வா, நேரமாச்சு!” என்று கத்தினேன்.

அவள் குளிக்கவே போகவில்லை. சீலை நனையாமல், சிப்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

இறக்கத்தில் கார் பறந்தது. ஆனால் ஒரு சிக்கல். என்ன சொல்லி நிறுத்துவது? இத்தனை வாரமும் நானாக அந்த வீட்டுக்குப் போனதில்லை. கார்தான் என்னைக் கொண்டுபோய்விட்டது. சத்தியம் ஒருமாதிரி தப்பித்து வந்திருக்கிறது. இப்போது நானே பிரேக் போட்டால் மீசையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கேட்டு நெருங்கியது. சாவியை மெதுவாகத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். கார் சத்தமில்லாமல் உருண்டுபோய் நின்றது. இருமல் வராதது எனக்கே குறையாக இருந்தது. நானே ஒரு தடவை இருமினேன்.

“போச்சு,” என்றேன். “மறுபடியும் பிரஷர் போச்சு.”

ஜோதி சிப்ஸைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“எப்படிங்க போவும்? இன்னைக்கு நான் மெழுகே வைக்கலியே.”

எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். மூடினேன். மெழுகைப் பற்றிக் கத்தினால் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

“போன வாரமே பொட்டக் காணும். நீங்க பாத்துட்டீயன்னு தெரிஞ்சிட்டு,” என்றாள். “அதான் இந்த வாரம் பந்தல்காரர வரச் சொன்னேன்.”

“நீதான் வரச் சொன்னியா?”

“கார நிறுத்த மெழுகு போதும். உங்கள நிறுத்த ஆளுல்லா வேணும்? சீக்கிரம் போங்க, மஞ்சு வீட்டுக்காரரு வளைவுக்கும் சரின்னு சொல்லிருவாவ போலுக்கு.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து குதித்தேன். “ஓய்! தலைய ஆட்டாதேயும்!” என்று கத்திக்கொண்டே கேட்டைத் தள்ளினேன். கேட்டு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. ஊஞ்சலில் எனக்கு இடம் விட்டு, பக்கத்தில் இலையும் போட்டு வைத்திருந்தாள் மஞ்சு.

தில்லைநாயகத்தை நான் என்ன பாடு படுத்தினேன் என்பது தனிக் கதை. பொண்ணு அழைப்புக்கு முன்வரிசையில் நின்று ஆசீர்வாதமும் பண்ணியாயிற்று. அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் உம்மை நான் விடப்போவதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஜோதியிடம் கேட்டேன். “அந்த ஓட்டைய உனக்கு எவன்ட்டி சொல்லிக் கொடுத்தான்?”

“எண்ணெய் டின்னுக்கு ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வராது, எதிர்ப்பக்கம் காத்துக்கு இன்னொண்ணு போடணும். ரொம்பின டின்னுன்னா இன்னும் சீக்கிரமா அடைச்சுக்கிடும். இத ஒருத்தன் வந்து எனக்குச் சொல்லணுமாக்கும்?”

நான் நம்பவில்லை. நம்பினால் என் நிலைமை என்ன ஆகும்? ரபீக் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். சகலைக்குப் பம்பும் தெரியாது, டயரும் தெரியாது. ஆகவே வேறு யாரோ ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அது நீர்தான்.

கெடுத்தவர் நீர். நீரே வந்து சரிபண்ணும். நேற்று ராயகிரியில் அவள் சித்தி வீட்டுக்குப் போக வேண்டுமென்று பேச்செடுத்தாள். முடியாது என்றேன். சண்டை போடாமல் எழுந்து போய் மாவாட்டுகிறாள். உடனே புறப்பட்டு வாரும், ஓய்! அவளுக்குத் தெரியாத ஓட்டை இந்தக் காரில் இன்னும் ஒன்றாவது மிச்சம் இருந்தால், அதை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போம்.